முன்பக்கத்தைக் கழற்றிப் போட்ட ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குத் திரும்பும் பாலத்தில், ஒரு மாலை ஆறரை மணிக்கு, நான் மோட்டாரோடு சாய்ந்து விழுந்தேன். வேகம் என்று ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கான மோட்டார்கள் கால் ஊன்றி ஊன்றி நகர்ந்துகொண்டிருந்தன. நடந்து போகிறவன்கூட எங்களை முந்தியிருப்பான். இடப்பக்கம் லேசாகத் திருப்ப நினைத்தேன். ஹேண்டில் நடுவில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. கொஞ்சம் அழுத்தினேன். சட்டென்று விட்டுக்கொடுத்து, வேண்டியதைவிட அதிகமாகத் திரும்பிவிட்டது. அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். என் இடது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது.

ஒரு வாரம் எம்சி, மருத்துவ விடுப்பு. அந்த ஒரு வாரத்துக்குள் என் மோட்டாரை விற்று முடித்துவிட்டார்கள், வாயாலேயே.

விற்றவர் என் மூத்தார், கணவரின் அண்ணன். சிகாமட்டிலிருந்து என்னைப் பார்க்க ஆரஞ்சுப் பையோடு வந்தவர், என் கைக்கட்டைப் பார்த்தார், போர்ச்சில் நின்ற வண்டியைப் பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்.

“அம்பது வயசாகப் போவுது. இனிமே என்னம்மா மோட்டரு? பேசாம ஃபேக்டரி பஸ்ல போ. எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு மாசாயில இருக்காரு. ஞாயித்துக்கிழம வந்து எடுத்துக்குவாரு.”

“எனக்கு நாப்பத்தேழு மாமா,” என்றேன். “நான் விழுந்ததுக்குக் காரணம் வயசு இல்ல. ஸ்டீரிங்ல கோளாறு.”

“விழுந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

பாசிர் கூடாங் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் என் கணவர். ஒரு வண்டிக்கு என்ன வந்தால் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டினார். அதுதான் எனக்கு மணிக்கட்டைவிட அதிகமாக வலித்தது.

நான் பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூர்ப் பக்கத் தொழிற்சாலையில் உலோகத் துண்டுகளைச் சோதிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை நகத்தால் தடவிக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு ஒரு வண்டி சரியில்லை என்று தெரியாதா? விழுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பிரேக் பிடித்தால் ஹேண்டிலுக்குக் கீழே ‘டொக்’ என்று கேட்டது. அந்த மூன்று வாரமும் அதைக் கவனிக்காமல் ஓட்டியது என் தப்பு. அதை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

எம்சி நான்காம் நாள் பெர்மாஸ் ஜெயா கடைத்தெருவில் உதிரிபாகக் கடைக்கு நடந்தே போனேன். ஸ்டீரிங் பேரிங் ஒரு செட் வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்தவர் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, “சுவாமி புன்யா மோட்டர்?” என்று கேட்டார். கணவருடைய வண்டியா என்று மலாயில் விசாரிப்பு.

“சாயா புன்யா,” என்றேன். என்னுடையதுதான்.

“போமன் செய்யட்டும் லா கக்காக். இது கஷ்டம்.” மெக்கானிக்கிடம் விட்டுவிடு அக்கா என்கிறார்.

“கஷ்டம்னா எவ்வளவு நேரம்?”

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துத் தந்தார். வளைந்த வாய் வைத்த ஒரு ஸ்பேனரையும் காட்டி, இது இல்லாமல் முடியாது என்றார். அதையும் வாங்கினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். கைக்கட்டை முந்தைய நாளே அவிழ்த்திருந்தேன். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துக் காரின் ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கினேன். முன்சக்கரம், மட்கார்டு, பிளாஸ்டிக் மூடிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஹேண்டில் ஒயர்களில் தொங்கியது. என் கணவர் காப்பியோடு வாசலுக்கு வந்து அப்படியே நின்றார்.

“என்ன பண்ற?”

“பேரிங் மாத்துறேன்.”

“இன்னிக்கு அந்த ஆளு வர்றாருன்னு தெரியும்ல?”

“தெரியும். அதான் இன்னிக்கே.”

அவர் உள்ளே போய் டிவியைப் போட்டார். சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கேட்டது.

பதினொரு மணிக்கு மாசாய் ஆளும் மூத்தாரும் பிக்கப்பில் வந்து இறங்கியபோது என் மோட்டாருக்கு முகமே இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கால்கள் இரண்டும் செய்தித்தாள் மேல் கிடந்தன. நான் வண்டிச் சட்டத்தின் தலைக்குழாய்க்குள் இரும்புக் கம்பியை விட்டு, பழைய பேரிங் கிண்ணத்தைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தேன்.

“அலமாக்!” என்றார் மாசாய் ஆள். “வண்டி ஓடுற வண்டின்னு சொன்னீங்களே?”

மூத்தார் முகம் சிவந்துவிட்டது. “என்னம்மா இது? மனுசன வரவச்சிட்டு…”

“நான் வரவைக்கல மாமா.” எழுந்து நின்றேன். முழங்கை வரைக்கும் கிரீஸ். “வண்டியோட பதிவு கிராண்ட் என் பேர்ல இருக்கு. என் கைரேகை இல்லாம இந்த வண்டி யார் பேருக்கும் மாறாது. நான் விக்கல.” பிறகு மாசாய் ஆளிடம், “உங்க மேல கோவம் இல்லண்ணே. தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றேன்.

கழற்றிய கிண்ணத்தைத் துடைத்து மூத்தாரிடம் நீட்டினேன். குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்து, வட்டத்தில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. “நகத்தால தடவிப் பாருங்க. ஹேண்டிலு நேரா இருக்கும்போது குண்டு எல்லாம் இந்தப் பள்ளத்துல போயி உக்காந்துக்கும். எப்படித் திரும்பும்?”

அவர் வாங்கவில்லை. மாசாய் ஆள்தான் வாங்கினார். தடவிப் பார்த்துவிட்டு, “ஆமாங்க, இதுல யாரு ஓட்டுனாலும் விழத்தான் செய்வாங்க,” என்றார். தண்ணீரைக் குடித்தார். இருவரும் சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

வேலை அதற்குப் பிறகுதான் கடினமானது. புதுக் கிண்ணங்களை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். குளிர்ந்தால் இரும்பு ஒரு துளி சுருங்கும். பழைய கிண்ணத்தை மேலே வைத்துத் தட்டத் தட்ட, அவை மெல்ல இறங்கின. அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் கெட்டியாக மாறியது. ஆனால் ஹேண்டிலையும் முன்கால்களையும் இணைக்கும் தண்டின் அடியில் இருந்த பழைய வளையம் மட்டும் ஒரு மணி நேரம் அசையவில்லை. உளியால் சுற்றிச் சுற்றி அடித்தேன். மணிக்கட்டு மறுபடி வீங்கியது. ஒரு கட்டத்தில் உளியை வீசிவிட்டு அழுதேன். பிறகு போய் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி அடித்தேன், வளையம் கழன்றது.

மேலே இருபத்தொரு குண்டு, கீழே இருபத்தொரு குண்டு. கிரீஸில் ஒட்டவைத்து, தண்டைக் குழாய்க்குள் ஏற்றி, ஒரு கையால் தாங்கிக்கொண்டே மறு கையால் மேலே உள்ள நட்டு மரையைப் பூட்ட வேண்டும். என் இடது கை தாங்கவில்லை. தண்டு சரிந்து குண்டுகள் போர்ச் முழுக்க ஓடின. அந்தச் சத்தத்துக்கு என் கணவர் வெளியே வந்தார். அவரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

“புடிக்கவா?” என்றார்.

வேண்டாம் என்று வாய் வரை வந்தது. மணிக்கட்டு வேறு சொன்னது.

“புடிங்க. ஆனா பேசாதீங்க.”

பிடித்தார். பேசவில்லை. மரை பூட்டி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

முதலில் மரையை அதிகமாக இறுக்கிவிட்டேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். வண்டி பழையபடியே தள்ளாடியது. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, மறுபடி ஜாக்கி வைத்து, மரையைச் சிறிது தளர்த்தினேன். சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது ஹேண்டிலை விரலால் தொட்டேன். எங்கேயும் நிற்காமல், தன் எடையிலேயே இடப்பக்கம் போய்ச் சாய்ந்தது. வலப்பக்கம் தொட்டேன். அப்படியே. முன்கால்களைப் பிடித்து இழுத்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை.

எம்சி முடிந்த செவ்வாய்க்கிழமை விடிகாலை பாலத்தில் கால் ஊன்றாமலே ஊர்ந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு எல்லோரும் சிகாமட்டில் மூத்தார் வீட்டில் கூடுவதாக இருந்தது. இரண்டு நாள் முன்பு அவர் என் கணவருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் கேட்டது: “மோட்டர வித்தாச்சா, இல்ல இன்னும் புடிவாதமா?”

என் கணவர் என்னைப் பார்த்தார். “அது அவளோட வண்டிண்ணே,” என்றார். “நீங்க அவகிட்டயே கேளுங்க.”

நான் போனைக் கேட்டு வாங்கவில்லை. தீபாவளியன்று விடிந்ததும் என் கணவர் பலகாரத்தோடு காரில் கிளம்ப, நான் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரில் கிளம்பினேன். குளுவாங் தாண்டியதும் மழை பிடித்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூத்தார் வாசலில் நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, பட்டுப்புடவைப் பையைத் தோளிலிருந்து இறக்கி, “தீபாவளி வாழ்த்து மாமா. எங்க போயி சேல மாத்துறது?” என்று கேட்டேன்.