ஆறில் ஒன்று

எழுபதுகளின் ஒரு கோடையில், செவிலிமேட்டில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் அவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கசங்கிய சட்டை, தூக்கம் தொலைத்த கண்கள். கட்டைவிரல் மட்டும் ஓயாமல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது.

மகளை அவள் விரும்பியவனுக்கே கொடுக்கலாமா என்று பூக்கட்டிப் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இரண்டில் சிவப்பு. எடுக்கிற இரண்டும் வெள்ளையாக வந்தால்தான் கல்யாணம் என்று அவருடைய அக்கா சொல்லிவிட்டாள்.

"நாலுல ரெண்டு எடுக்க ஆறு வழி இருக்குது சார். ரெண்டும் வெள்ளையா வர்றது அதுல ஒண்ணுதான்," என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம். "பாதிக்குப் பாதின்னு எங்க அக்கா நெனச்சிக்கினு இருக்குது."

"அம்மன் முன்னால இன்னாடா கணக்கு? எடுடா!" என்றாள் அக்கா.

எடுத்தார். வெள்ளை. தூணோரம் நின்ற மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

"இப்போ மூணுல ஒண்ணு," என்று முணுமுணுத்தார். நீண்ட கை பாதியில் நின்றது. பிறகு மிச்சமிருந்த மூன்றையும் பிரிக்காமலே அள்ளிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டார்.

"இன்னாடா இது!"

"ஆத்தா ஒண்ணு குடுத்துட்டா அக்கா. இன்னொண்ணு நான் குடுக்கறேன். எம் பொண்ணுதானே?"

மகள் அழுதாள். அவர் படியில் சரிந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பூவே சிவப்பாக வந்திருந்தால் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார்? இத்தனை வருடம் கழித்தும் யோசிக்கிறேன்.