மனுவேலுக்குப் பஸ்ஸில் வந்த கடல்

கண்டி மஹய்யாவையில் மனுவேல் வீடு எது என்று கேட்டால் யாரும் இலக்கம் சொல்ல மாட்டார்கள். "கடல் இருக்கிற வீடு" என்பார்கள். நான் அதற்கு அடுத்த வீடு. என் புருஷன் போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை மனுவேலும் அவன் பெண்சாதி தெரேசாவும்தான். பேச்சு என்றால் பாதி சண்டை. சண்டையில்லாத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

மனுவேலின் அப்பா கண்டித் தெருக்களைக் கூட்டியவர். மகனாவது வேறு வேலை பார்க்கட்டும் என்று மீன் லொறியில் கிளீனராக ஏற்றிவிட்டார். அப்படித்தான் மனுவேல் திருகோணமலையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தான். வேறு யாராக இருந்தாலும் காலை நனைத்துவிட்டுத் திரும்பியிருப்பான். இவன் ஜாம் போத்தலில் ஒரு குட்டி நண்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அது உயிரோடு தம்புள்ளையைத் தாண்டவில்லை. கிளீனர் டிரைவரானான், தலை நரைத்தது, மகள் கலியாணம் முடித்து இத்தாலிக்குப் போனாள். நண்டு மட்டும் அவன் மண்டையை விட்டுப் போகவில்லை. ஊருக்கெல்லாம் செத்த மீன் கொண்டு வந்து கொடுத்தவன் தனக்கு உயிரோடு வேண்டும் என்றான். லொறியை விட்டதும், வீட்டுக்கு டைல்ஸ் போட வைத்திருந்த காசில் பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்கி முன் அறையில் வைத்தான்.

தெரேசா கொஞ்ச நாள் அவனுக்குச் சோற்றைக் கோப்பையில் போட்டு நகர்த்துவாளே தவிர, பேச மாட்டாள். பிறகு விளக்கு போட்டான். நீலத் தண்ணீர், கல்லில் ஒட்டிய பவளம், விரல் விரலாக ஆடுகிற ஒரு கடல் பூ, அதற்குள் ஒளிகிற மஞ்சள் சிவப்புப் பட்டை மீன் இரண்டு, மணலில் மேய்கிற இறால்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் கதிரை போட்டுக் காட்டியவள் தெரேசாதான். பவளத்தைக் கடலில் உடைத்தால் பிடித்து மறியலில் போடுவார்கள், இது நீர்கொழும்பில் தொட்டியில் வளர்த்து விற்கிறவனிடம் பில்லோடு வாங்கியது என்று கேட்காதவனிடமும் சொல்லுவான் மனுவேல். எனக்கும் பாடம் நடத்தினான்.

"அழகம்மாக்கா, இது பூ இல்ல, பிராணி. திங்கிற வாயாலயே கழிவையும் துப்பும்."

"அப்படி மனுசரே நெறைய இருக்காங்கடா. அதுக்கு எதுக்குத் தொட்டி?" என்றேன்.

கரண்ட் இல்லாமல் நாடே இருட்டில் கிடந்த வருஷம், அந்தத் தொட்டிக்குக் காற்று போக வேண்டும் என்று தெருவே முறை வைத்து சைக்கிள் பம்ப் அடித்தது. கேஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோல் இல்லை. மனுவேல் வீட்டு மீனுக்குக் காற்று இருந்தது. நானும் அடித்தேன். திட்டிக்கொண்டே அடித்தேன்.

அந்தத் தெருவேதான் போன வருஷம் தொட்டியைக் கொன்றது.

எங்கள் பக்கத்தில் மாதா சொரூபம் வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மனுவேல் முறை வந்த நேரம் அவன் ஒரு சாவீட்டுக்கு மன்னார் போயிருந்தான். மாதாவை எங்கே வைப்பது என்று பார்த்த தெரேசாவுக்கு, வீட்டிலேயே உயரமான, விளக்குப் போட்ட இடம் தொட்டியாகத் தெரிந்தது. பின்பக்க மூடியின் மேல் சொரூபத்தை நிறுத்திவிட்டாள். நான் மாரியம்மன் கும்பிடுகிறவள். ஆனாலும் சொல்கிறேன், அலைமேல் நிற்கிற மாதிரித்தான் இருந்தாள். ஜெபமாலை முடிந்து போகும்போது யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு குற்றிக்காசு போட்டார். அடுத்தவர் அதைப் பார்த்தார். பிறகு வரிசையாக எல்லாரும் போட்டார்கள். நான் போடவில்லை. கையிலிருக்கிற காசைத் தண்ணீரில் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை.

"அடியே தெரேசா, மாதா கிளம்பிட்டா. காசை எடுத்துரு" என்றேன்.

"மாதாவுக்குப் போட்ட காச நான் எப்படிக்கா எடுக்கிறது? ஃபாதர் வந்து எடுக்கட்டும்."

ஃபாதர் வருவதற்குள் கடல் பூ சுருங்கிக் கிழிந்த சாக்குப்போலக் கிடந்தது. பவளம் வெள்ளையாகிச் சளியாக வழிந்தது. இறால்கள் மல்லாந்து கிடந்தன. மனுவேல் பயணப் பையோடு வாசலில் நின்று பார்த்தான். மணலில் மின்னிய காசுகளைப் பார்த்தான்.

"செம்பு. காசுல செம்பு கலந்திருக்கு. மீன் கொஞ்சம் தாங்கும். பூவுக்கு அது நஞ்சு" என்றான். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

எல்லாவற்றையும் வாளி வாளியாக வெளியே ஊற்றினான். பட்டை மீன் இரண்டும் உயிரோடு இருந்தன.

"இதையும் எடுத்து வீசுங்க. இனிமே இந்த வீட்டுல ஒண்ணும் வேணாம்" என்றான்.

"நீ வீசு, எனக்கு வேலையிருக்கு" என்று சொல்லிவிட்டு, மீன்களை என் துணி ஊறவைக்கும் பேசினில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கொல்லையில் அவன் கேனில் வைத்திருந்த கடல் தண்ணீரும் காற்று மோட்டரும் கூடவே வந்தன. இரண்டில் பெரியது பெண்ணாம். சின்னதை அது துரத்தித் துரத்திக் கொத்தும். அதை எனக்குப் பிடித்துப் போனது.

மனுவேல் கதவைச் சாத்திக்கொண்டான். கடல் தண்ணீர் கொண்டு வந்து போடுகிற லொறிக்காரனிடம் இனி வராதே என்று சொல்லிவிட்டான். அக்குறணையில் பழைய சாமான் வாங்கி விற்கிற பளீலுக்குப் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். தெரேசா என் வீட்டுக் குசினியில் வந்து அழுதாள்.

"தொட்டி போனா இந்த மனுசனும் போயிரும்க்கா. மூலையில உக்காந்து சுவரப் பாக்குது."

"அழுது என்னடி பண்றது? உன் கண்ணீர் உப்புதான், ஆனா தொட்டிக்குக் காணாது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சனிக்கிழமை தெருவே பஸ் பிடித்துத் தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறது. கோயில் வாசலிலேயே கடல். ஞாயிறு பகலுக்குள் திரும்பிவிடுவோம். அன்று பின்னேரமே வீடு வீடாகப் போனேன். "காசு போட்டவன் எல்லாம் ஆளுக்கொரு கேன் எடு. மாதாகிட்ட கேட்டது கிடைக்கும், கிடைக்காமப் போகும். மனுவேலுக்குத் தண்ணி கிடைக்கணும்." ஆளாளுக்குக் கேன் தேட ஆரம்பித்தார்கள்.

கிளம்புகிற நேரம் பேசினைத் தூக்கிக்கொண்டு போய் மனுவேலின் கட்டிலடியில் வைத்தேன்.

"நான் தலவில போறேன். மீனைப் பாத்துக்க."

"நான் பாக்க மாட்டேன்."

"அப்போ சாகட்டும். புதைக்கிறதுக்காவது எழும்புவ."

தலவிலயில் கும்பிடுகிறவர்கள் கும்பிட்டார்கள். மற்ற நேரமெல்லாம் தண்ணீர்தான். இளசுகள் இடுப்பளவு ஆழத்துக்குப் போய் மொண்டார்கள். தெரேசா சேலையைச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். ஒரு அலை வந்து அவளை உட்கார வைத்தது. கேனை விடவில்லை. அன்றைக்குச் சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

பஸ் டிரைவர் கிஷானுக்கு மட்டும் முகம் கோணியது. "ஆச்சி, ஒரு சொட்டு சிந்தினாலும் என் பஸ் துருப்பிடிக்கும்."

"உன் பஸ்ஸுல துருப்பிடிக்க இனி எந்த இடம்டா பாக்கி?"

திரும்பி வரும்போது கலகெதரயில் பொலிஸ்காரன் கை காட்டினான். உள்ளே ஏறினான். சீட்டுக்கடியில், நடைபாதையில், மடியில் எல்லாம் கேன். கோயிலுக்குப் போன கூட்டம் கசிப்புச் சாராயம் கடத்துகிறது என்று அவன் முகம் சொன்னது.

"மொனவத மே?" என்று என் கேனைக் காட்டி, இது என்ன என்றான்.

"மூது வதுர, மஹத்தயா" என்றேன். கடல் தண்ணீர்.

நம்பவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். உள்ளங்கையில் ஊற்றி நக்கினான். மூஞ்சி எட்டாக மடிந்தது. அடுத்த கேனையும் நக்கினான். அதற்கடுத்ததையும். மூன்றாவதில் பஸ்ஸே சிரித்தது. "கடலைக் கண்டிக்கு எதுக்குக் கொண்டு போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டான். தெரேசா காசிலிருந்து கடல் பூ வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டு முடித்தவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு தானே றோட்டில் இறங்கி, எதிரே வந்த லொறியை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டான்.

மஹய்யாவையில் இறங்கினால், பளீலின் வேன் வாசலில் நிற்கிறது. கேனோடு ஓடினேன்.

தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய கல்லும் மணலும் இல்லை. கண்ணாடி பளபளவென்றிருந்தது. வீடெல்லாம் வினாகிரி நாற்றம். பளீல் ஒரு கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பேசின் கட்டிலடியில் இல்லை, மேசைமேல், காற்று வருகிற இடத்தில் இருந்தது. தண்ணீர் மாற்றியிருந்தது. பெரியது சின்னதைத் துரத்திக்கொண்டிருந்தது.

"விக்கிறதுக்குத்தான் கழுவினேன்" என்றான் மனுவேல், என் முகத்தைப் பார்க்காமல்.

"விக்கிறவன் சவுக்காரம் போடுவான். செம்பு போக வினாகிரி ஊத்தித் தேய்க்க மாட்டான்" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் கேன்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொருவராக வைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். அறை நிறைந்தது, வாசல் நிறைந்தது. கடைசியாகத் தெரேசா, காயாத சேலையோடு. மனுவேல் அவளை மேலும் கீழும் பார்த்தான். குனிந்து ஒரு கேனைத் திறந்தான். வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

"எங்க அள்ளினீங்க? கரையிலயா? பாரு, மணல். துணியில வடிக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலயா? இத்தனை பேர் போயிருக்கீங்க, ஒருத்தருக்குக்கூட மூளை இல்ல!"

திட்டத் திட்டத் தெரேசாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. தெருவே பல்லைக் காட்டியது. இப்படி ஒரு ஏச்சுக்காகத்தான் அத்தனை தூரம் போய் வந்தோம்.

"பூ இப்ப கிடையாது. ஆறு மாசமாவது ஆகும். மொதல்ல மீன் மட்டுந்தான்" என்றான். "இனி மாதா வந்தா அலுமாரி மேல. காசு போடுறவங்க என் கையில போடுங்க."

பளீல் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப தொட்டி விக்கிறல்லயா? நான் எதுக்கு வேன் எடுத்துக்கிட்டு வந்த?"

"பளீல் நானா, பஸ்ஸுல இன்னும் கேன் இருக்கு" என்றான் மனுவேல். "தூக்கத்தான்."

பளீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடியே பஸ் பக்கம் போனார்.

இப்போது அந்தத் தொட்டியில் மறுபடி ஒரு கடல் பூ இருக்கிறது, கட்டைவிரல் அளவில். மீன் இரண்டும் அதற்குள் இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றன. பெரியதுதான் ஜெயிக்கிறது. என் பேசினை மட்டும் அவன் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால் அவசரத்துக்கு வேண்டும் என்கிறான்.