யாரும் வரலன்னு சொன்னேன்

எனக்கு எண்பத்தெட்டு வயசு. பெத்தது ஆறு, செத்துப்போன நாத்தனார் புள்ளைங்க ரெண்டு, ஆக எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் வீட்டுக்காரர் விஷயத்துலதான்.

சத்தியவேடு பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் வேர்க்கடலை நிலம். ஆந்திரா தனியாப் பிரிஞ்சு, எந்த ஊரு எந்தப் பக்கம்னு பேசிக்கினு இருந்த காலம். "யார் வந்து கேட்டாலும் தமிழ்னு சொல்லுங்க"ன்னு அவர் வீடு வீடாப் போய்ச் சொல்லிக்கினு இருந்தார்.

ஒருநாள் அவர் கிணத்துல மாடு கட்டிக் கவலையில தண்ணி இறைச்சுக்கினு இருந்தப்போ, காகிதமும் கையுமா ஒருத்தர் வீட்டுக்கு வந்து, வீட்டுல என்ன பாஷைன்னு தெலுங்குல கேட்டார். "உன் தெலுங்குக்கு எருமைகூடத் திரும்பாதுடி"ன்னு என் வீட்டுக்காரர் எப்பவும் என்னைக் கிண்டல் பண்ணுவார். அந்த ரோஷத்துல, "எங்களுக்குத் தெலுங்குதான்"னு தெலுங்குலேயே கணீர்னு சொல்லி, மோரும் குடுத்து அனுப்பினேன்.

"நம்ம வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"ன்னு சாயங்காலம் கேட்டார்.

"யாரும் வரல."

ஊரு ஆந்திராவுக்குப் போயிடுச்சு. ஒரு வீட்டுப் பேச்சால எல்லை மாறாதுன்னு இப்போ தெரியுது. ஆனா தெருவுக்கே தமிழ்ப் பேப்பர் படிச்சுக் காட்டின மனுஷன், தன் நிலத்துப் பட்டா தெலுங்குல வந்தப்போ, படிச்சுச் சொல்ல ஆளைத் தேடிப் போனார். சாகிற வரைக்கும் அப்படித்தான். நான் வாயைத் திறக்கல.

பேத்தி, எழுதினதை ஒருதரம் படிச்சுக் காட்டும்மா. மோர் குடுத்ததை விட்டிருந்தாலும் பரவாயில்ல. யாரும் வரலன்னு நான் சொன்ன பொய் இருக்கணும்.