தேய்க்காமல் விட்ட தகடு

தம்பிராசாவின் மகள் தேவி தொலைபேசியில் அழைத்தபோது நான் பொங்கோல் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா காலையில போயிட்டார். தூக்கத்திலேயே. கஷ்டப்படல," என்றாள். வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு, மீதிச் சட்டைகளையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. பிடோக்குக்குப் போகும் டாக்சியில்தான் அழுகை வந்தது.

அஞ்சலி செலுத்த வந்த உங்களில் பலருக்குத் தம்பிராசா கோயிலில் தேவாரம் பாடும் பெரியவர், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி வைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிளை ஒடித்துக் கொடுத்தவர். எனக்கு அவர் உலைக்காரர். ஐம்பதுகளின் கடைசியில் ஜாலான் புசாரில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். லாரிகளின் பல்சக்கரங்களையும் போல்ட்டுகளையும் எண்ணெய் உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, கடினமாக்கித் தருவதுதான் அங்கே வேலை. உலை அவர் பொறுப்பு. உலைக்குள் போய்வரும் கூடைகளும் சாமான் அறையும் என் பொறுப்பு.

யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவருடையது. தகப்பனார், அண்ணன்மார், மைத்துனர் எல்லாரும் அரசாங்க அலுவலகங்களில் எழுத்து வேலை. கல்யாண வீடுகளில் இவரை மட்டும் 'அடுப்படித் தம்பிராசா' என்பார்களாம். அதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். "எங்கட ஆக்கள் எல்லாரும் மேசையில இருக்கினம். நெருப்பைப் பார்க்கவும் ஒருத்தன் வேணும்தானே, காணும்?" என்னை அவர் கடைசிவரைக்கும் 'காணும்' என்றே கூப்பிட்டார். முத்தையா என்று பெயர் சொன்னாரென்றால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

உலையின் வாயைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சூட்டைச் சொல்வார். பிறகுதான் வெப்பமானியைப் பார்ப்போம். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் மானியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே எரிச்சல்தான். அடுத்த ஆண்டுத் தீபாவளிக்குள் ஒருவரைப் போர்மன் ஆக்கப்போவதாகத் தவுக்கே சொல்லியிருந்தார். போட்டி எங்கள் இருவருக்கும்தான். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம்.

கூடைகள் சீமையிலிருந்து கப்பலில் வருபவை. எவர்சில்வர். அந்தக் காலத்தில் சிராங்கூன் சாலைக் கடைகளில் எவர்சில்வர் குடமும் தூக்கும் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். நானும் வீட்டுக்காரிக்கு ஒரு குடம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் அதைப் புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பாள். பட்டறைக் கூடைகளோ உலைக்குப் போன முதல் வாரத்திலேயே மஞ்சளாகி, பழுப்பாகி, நீலம் பாய்ந்து, கடைசியில் கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. எனக்குப் பொறுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு உலையை அணைத்தபோது கூடைகளை அமிலத் தொட்டியில் ஊறப்போட்டு, பட்டறைப் பையன்களைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னேன். சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கினோம். பட்டறையே ஜொலித்தது. தவுக்கே கூட ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்து "பாகூஸ்!" என்றார். நன்றாயிருக்கிறது என்று முதலாளி வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. போதாதா? அதன்பிறகு சனிக்கிழமைதோறும் தவுக்கே வீட்டுக்குப் போய் உலை அணைந்ததும் கூடைகளுக்கு அமிலக் குளியல் என்று ஆக்கிவிட்டேன்.

அடுத்த ஆண்டு தொடங்கிச் சில மாதங்களுக்குள் கூடைகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. கம்பிகள் மெலிந்து, தொட்டால் அப்பளமாக உதிர்ந்தன. ஒரு கூடை பாதி வழியில் அறுந்து, சிவக்கச் சிவக்கப் பல்சக்கரங்கள் தரையில் உருண்டன. யாருக்கும் அடிபடாதது எங்கள் நல்ல காலம். தவுக்கே நேராகத் தம்பிராசாவிடம் போனார். சூடு மிஞ்சினால்தான் எவர்சில்வர் கருகும், நீ உலையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாய் என்று எல்லார் முன்னிலும் கத்தினார். தீபாவளிக்குள் காரணம் காட்டாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிராசா புதுக் கூடையோடு வந்த உபரித் தகட்டிலிருந்து உள்ளங்கை அளவில் இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றில் ஒரு துளை, மற்றதில் இரண்டு துளை. இரண்டையும் ஒரே கம்பியில் கோத்து, தினமும் கூடைகளோடு உலைக்குள் தொங்கவிட்டார். மாலையில் எடுத்து ஆறவைத்து, ஒரு துளைத் தகட்டை மட்டும் அமிலத்தில் போட்டுத் தேய்த்தார். இரண்டு துளைத் தகட்டை விரலால்கூடத் தொடவில்லை. "ஏன் இதை மட்டும் அழுக்காக விடுகிறீர்?" என்று கேட்டேன்.

"அது அழுக்கு இல்லைக் காணும். தோல்," என்றார். "இந்த இரும்புக்குள்ள குரோமியம் கலந்திருக்கு. சூட்டில அது மேல வந்து காத்தோட சேர்ந்து மெல்லிசா ஒரு தோல் போடும். அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் உள்ளுக்குக் காத்துப் போகாது. நீர் அதை உரிச்சா, உள்ள இருக்கிற குரோமியம் திரும்பவும் வந்து தோல் போட வேணும். எத்தனை தரம் போடும்? தீர்ந்துபோனா வெறும் இரும்புதானே எரியும்? பொருக்கைப் பிய்ச்சுக்கொண்டே இருந்தா புண் ஆறுமே?"

சனிக்கிழமைக் குளியல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் இவர் தன் குற்றத்தை மறைக்கக் கதை சொல்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் இரண்டு தகட்டையும் எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்கு நடந்தோம். பொற்கொல்லர் ஒருவர் அவருக்குப் பழக்கம். உலையில் போடும் முன்பே அவருடைய தராசில் நிறுத்து எழுதி வைத்திருந்தார் தம்பிராசா. "மறுபடியும் இதானா? தீபாவளி நேரத்துல தராசுல இரும்பைக் கொண்டாந்து வைக்கிறீங்களேய்யா! நகைக்கு வர்றவங்க பார்த்தா சிரிப்பாங்க," என்று முணுமுணுத்தபடி பொற்கொல்லர் நிறுத்தார். தேய்த்த தகடு நன்றாக எடை குறைந்திருந்தது. விளிம்பெல்லாம் அரித்துப் போய், ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. தேய்க்காத தகட்டை வைத்ததும் பொற்கொல்லர் இரண்டு தரம் குனிந்து பார்த்தார். "என்னய்யா, இது கூடியிருக்கு! அடுப்புல வச்சா எடை ஏறுமா?"

"காத்தைக் கொஞ்சம் பிடிச்சு வச்சிருக்குது," என்றார் தம்பிராசா. அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

திரும்பும் வழியில் தேக்கா சந்தையோரம் நின்று வடை சாப்பிட்டோம். தீபாவளிக் கூட்டம், மல்லிகைப்பூ, மத்தாப்பு, ஒரே இரைச்சல். கூடைகளைத் தின்றது அவருடைய நெருப்பல்ல, என்னுடைய பிரஷ் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. இப்போதாவது கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எனக்கு இன்னொரு வடை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை தம்பிராசா தவுக்கேயின் மேசையில் இரண்டு தகட்டையும் பொற்கொல்லர் எழுதித் தந்த சீட்டையும் வைத்துத் தமக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். தவுக்கே முட்டாள் அல்ல. மெலிந்த தகட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். சூட்டின் மேல் குற்றம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "சியாப்பா சூரோ?" யார் தேய்க்கச் சொன்னது?

நான் தம்பிராசாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைக்கூடத் திறந்தேன். வாடகை அறையில் இருக்கும் கர்ப்பிணி மனைவி கண்முன் வந்தாள். அதற்குள் தம்பிராசா, "சாயா, தவுக்கே," என்றார். நான்தான் என்று.

அவர் வேலை தப்பியது. போர்மன் பதவி எனக்கு வந்தது. சனிக்கிழமைக் குளியலை நான்தான் கையெழுத்துப் போட்டு நிறுத்தினேன், அதற்கும் பாராட்டு எனக்கே கிடைத்தது. அந்த வெட்கத்தை என்ன சொல்ல! அன்று மாலை அவரிடம் போய் நின்றேன். "எனக்கு அடுப்புப் போதும். மேசையும் கதிரையும் எங்கட வீட்டில நிறையக் கிடக்குது," என்று சொல்லி, கருத்த தகட்டை என் கையில் வைத்தார். "இதை வச்சிரும். தேய்க்க வேண்டாம்."

அறுபதுகள் முடியும்வரை ஒன்றாக வேலை செய்தோம். அவர் என்னை ஒருநாளும் போர்மனாக நடத்தியதில்லை, குற்றவாளியாகவும் நடத்தியதில்லை. என் மகன் கல்யாணத்தன்று மனம் தாங்காமல் பேச்சை எடுத்தேன். "விடும் காணும். பொருக்கைப் பிய்க்காதையும்," என்று சொல்லிவிட்டுப் பாயசம் கேட்டார்.

தகனம் முடிந்து கிளம்பும்போது தேவி ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தைக் கொடுத்தாள். "அப்பா அலமாரியில இருந்துச்சு அங்கிள். இது என்னன்னு எங்க யாருக்கும் தெரியல. உங்க பேரு எழுதியிருந்தார்." உள்ளே அந்த ஒரு துளைத் தகடு. ஓரமெல்லாம் அரித்து, வெளிச்சம் தெரியும் அதே ஓட்டையோடு. குறையில்லாத தகட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, என் தவற்றை இத்தனை காலம் தன் வேட்டிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

இப்போது இரண்டும் என் மேசையில் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அவைதான். அந்தப் பட்டறை இல்லை, யார் என்று கேட்ட தவுக்கேயும் இல்லை. ஆனால் அவரை அறிந்த நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். பேச்சை விடச் சொன்னவர் என்னை மன்னிக்கட்டும்.

சாயா, தவுக்கே. தேய்க்கச் சொன்னது நான். முத்தையா.