ஆதாரம் கேட்கும் ஓத்திலியா

கோயிலில் மற்றவர்கள் மண்டியிடும்போது ஓத்திலியா கழுத்தை நீட்டுவாள். பீடத்தின் இடப்பக்கப் பலகை ஓவியத்தில் மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவைக் காண வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலைக்காரன் நிற்கிறான். ராஜாக்கள் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வேலைக்காரனின் முழங்கைக்குக் கீழே எத்தனை பொத்தான், காலுறையை எங்கே கட்டியிருக்கிறான், கம்பளிக் குல்லாயின் நுனி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்து முடிப்பதற்குள் பூசை முடிந்துவிடும். ஒருமுறை பாதிரியாரே அவளைக் கூப்பிட்டு, அவ்வூர் வழக்கப்படி மரியாதையாக 'பானி' போட்டு, "பானி ஓத்திலியா, நடுவுல இருக்குற ஆண்டவரையும் ஒரு தடவை பாருங்க" என்றார்.

"பாத்தேன் ஃபாதர். அவரோட அங்கிதான் அம்பது வருஷம் பிந்தின மோஸ்தர்" என்றாள் அவள்.

வயது நாற்பத்தொன்பது. தோருன் நகரத்தில் டிராம் ஓட்டுகிறாள். கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம் வண்டி நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் அந்த ஆறு நிமிடத்தில் சிகரெட் பிடிப்பார்கள். இவள் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து, லினன் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் உருவி, ஒரு காஜாவோ அரை காஜாவோ போட்டுவிடுவாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல்கள் பக்கத்தில் நிற்பவரின் சட்டை ஓரத்தைத் திருப்பிப் பார்க்கும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பாவாடையைத் தூக்கி உள்தையலைப் பார்த்தவள் என்று அவள் நாத்தனார் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறை அடுப்பில் இரண்டு பானைகள் கொதிக்கும். ஒன்றில் சூப், இன்னொன்றில் கம்பளிக்குச் சாயம் ஏற்றும் வேர். கணவன் பெலிக்ஸ் ஒருநாள் பசியில் மாற்றிக் கரண்டியை விட்டான். நாக்கு இரண்டு நாள் செக்கச்செவேல் என்று இருந்தது. "இந்த வீட்ல கேட்டுட்டுத்தான் கரண்டி போடணும்" என்று வருகிறவர்களையெல்லாம் எச்சரிக்கிறான்.

இவ்வளவும் ஜூலை மாதத்தின் நான்கு நாட்களுக்காக. வடகிழக்கே கிருன்வால்ட் புல்வெளியில் ஆயிரத்து நானூற்றுப் பத்தாம் ஆண்டுப் போரை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ குழுக்கள் வரும். ஓத்திலியாவின் குழுவில் நாற்பது பேர். இரும்புக் கவசத்தோடு ஆண்கள் மோதிக்கொள்வதை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவளுடைய போர், குழுவின் கூடாரங்களுக்குள் நுழையும் வாசலில். உடுப்பு விதிகளை எழுதியவள் அவள். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் சுற்றி வந்து பார்ப்பவளும் அவள்தான். அவள் கேட்பது ஒரே ஒரு சொல். "ஆதாரம்?"

ஓவியத்தில் இருக்கிறதா, மண்ணில் தோண்டி எடுத்தார்களா, உயில் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் உள்ளே விடமாட்டாள். தோழி மிர்கா ஒருமுறை உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தாள். "கொலம்பஸே இன்னும் பொறக்கலடி, உனக்கு எவன் கிழங்கு கொண்டாந்து குடுத்தான்?" என்று சட்டியோடு திருப்பி அனுப்பினாள். குழுத் தலைவன் போக்தான் தீயணைப்புப் படையில் இருப்பவன், எரியும் வீட்டுக்குள் நுழைகிறவன். அவனே வாசலில் இவளைக் கண்டதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பூட்ஸுக்குள் போட்டுக்கொள்வான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஸெனான் வந்தான். ஹெல்ம்னோ ஊரில் டிராக்டர் பழுது பார்ப்பவன். வழுக்கைத் தலை, சுத்தியல் மாதிரி விரல்கள். குழுவுக்குப் புதிது. தோள்வரை விழும் கம்பளிக் குல்லாய் ஒன்றைத் தன் கையாலேயே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஓத்திலியா விளிம்பைத் திருப்பினாள். உள்ளே வெள்ளை லினன் துணியில் லைனிங்.

"ஆதாரம்?"

"கம்பளி அரிக்குதுங்க. தலையில ஒரு முடி இல்ல பாருங்க. என் காதுதான் ஆதாரம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓத்திலியா சிரிக்கவில்லை. அந்தக் காலக் குல்லாய்களுக்கு லைனிங் கிடையாது என்று விதிப்புத்தகத்தில் அவள் எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்து, அவன் கழற்றிய குல்லாயை வாங்கி, லைனிங் தையலை அங்கேயே நறுக் நறுக்கென்று வெட்டினாள். பாதி வெட்டும்வரை ஸெனான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குல்லாயை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"மூணு மாசம் தச்சேன், பானி ஓத்திலியா" என்றான். அந்த 'பானி'யில் இருந்த மரியாதை கல்லாக வந்து விழுந்தது. அன்று சாயங்காலமே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். மறு வருடம் வரவில்லை.

இந்த மார்ச் மாதம், நான்கு வருடம் விடாமல் கடிதம் எழுதியதற்குப் பலனாக, கடலோர நகரம் ஒன்றின் அருங்காட்சியகத்தில் அவளுக்கு இருபது நிமிடம் கிடைத்தது. துணிகளைப் பாதுகாக்கும் சபீனா என்ற பெண் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் உள்ளங்கை அகலத்தில், தேயிலைச் சக்கை நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. பழைய கழிவுக் குழியில் கிடைத்த குல்லாயின் முகப்பு. அதன் அச்சுப் படத்தைப் பார்த்துத்தான் ஓத்திலியா விதியே எழுதியிருந்தாள். படத்தில் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு உண்டு. அதை மடிப்புத் தடம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

உருப்பெருக்கிக்குக் கீழே அது கோடாக இல்லை. வரிசையாகத் துளைகள். ஊசி போய் வந்த துளைகள், எறும்புக் கண் அளவில், முகத்தோரமும் கழுத்தோரமும்.

"நூல் எங்க?" என்றாள் ஓத்திலியா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"ஈரமண்ணுல கம்பளி தங்கும், லினன் மக்கிடும். உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் சபீனா. "நூலும் போச்சு, உள்ள வச்சுத் தச்ச துணியும் போச்சு. ஓட்டை மட்டும் மிச்சம்."

மீதிப் பத்து நிமிடத்தை அவள் பயன்படுத்தவில்லை. ரயிலில் மூன்று தடவை இருக்கை மாறினாள். பின்னலூசியை எடுத்தாள், வைத்தாள். அறுநூறு வருடங்களுக்கு முன்பு எவனோ ஒருவனுக்கும் காது அரித்திருக்கிறது என்ற நினைப்பு, வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

போக்தானிடம்தான் முதலில் சொன்னாள்.

"விடு ஓத்திலியா. ஜூலைக்கு நாலு மாசம்கூட இல்ல. அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் எழுந்து வந்து உன்மேல கேஸ் போடப் போறானா?"

"செத்தவன் வரமாட்டான். ஹெல்ம்னோல ஒருத்தன் உயிரோட இருக்கான்."

"அவன் இந்நேரம் மறந்திருப்பான்."

"நான் வெட்டுனேன் போக்தான். வாயால சொல்லியிருந்தா மறந்திருப்பான்."

அடுத்த கூட்டத்தில், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, பதினான்காம் விதி தப்பு, எழுதினது நான், படத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றாள். மிர்காதான் வெடித்தாள்.

"ரெண்டு நாள் உக்காந்து லைனிங்கப் பிரிச்சேன்டி! விரல்ல ரத்தம் வந்துச்சு! அப்ப எங்கடி போச்சு உன் ஆதாரம்?"

"தப்பாப் படிச்சேன். குல்லாயக் குடு. நானே தச்சுத் தரேன்."

"குடுக்காம? நல்லாத் தை."

லைனிங்கை இழந்தவர்கள் ஸெனானோடு சேர்த்துப் பதினோரு பேர் என்று தெரியவந்தது. ஏப்ரல் முழுக்க டிராமின் கடைசி நிறுத்தத்தில் ஆறாறு நிமிடமாக அந்தத் தையல் நடந்தது. ஒருநாள் ஆறு நிமிடம் ஒன்பது ஆகி, ஒரு கிழவர் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினார். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார். இனி வாசலில் யார் நிற்பது என்று குழுவில் வாக்கெடுப்பு வந்தது. இரண்டே ஓட்டில் அவள் தப்பித்தாள். அதில் ஒன்று மிர்காவுடையது.

பத்துக் குல்லாய்கள் முடிந்தன. மே மாத சனிக்கிழமை ஒன்றில் அவள் பேருந்து ஏறி ஹெல்ம்னோ போனாள்.

பட்டறையில் ஒரு சிவப்பு டிராக்டருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"பான் ஸெனான், நான் ஓத்திலியா."

கால்கள் அசையவில்லை. "எந்த ஓத்திலியா?"

"கத்தரி வச்சிருந்த ஓத்திலியா."

டிராக்டருக்கு அடியில் ஏதோ இரும்பு டணார் என்று விழுந்தது. ஸெனான் ஊர்ந்து வெளியே வந்தான். அவள் நின்றபடியே, மூச்சு விடாமல், துண்டையும் துளைகளையும் மக்கிய நூலையும் சொல்லி முடித்தாள். "நீங்க செஞ்சதுதான் சரி. நான்தான் தப்பு. என்னை மன்னிக்கணும். அந்தக் குல்லாய் இன்னும் இருந்தா நானே லைனிங் வச்சுத் தச்சுத் தரேன்."

அவன் கையை எண்ணெய்த் துணியில் வெகுநேரம் துடைத்தான்.

"அப்ப என் காது சொன்னது நெசம்தான்?"

"நெசம்தான்."

"அதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"ஆமா."

அவளை மேசையோரம் உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் இரண்டு கோப்பையில் தேநீரும், சுவரில் ஆணியில் தொங்கிய ஏதோ ஒன்றும் கொண்டுவந்தான். குல்லாய்தான். கிரீஸ் படிந்து, தோள்பக்கம் கருத்திருந்தது.

"வீட்டுக்குப் போன மறுநாளே திரும்பத் தச்சுட்டேன். குளிர்காலத்துல இதப் போட்டுக்கிட்டுத்தான் வண்டிக்கு அடியில படுக்கிறேன். ஜூலைக்கு வந்தா, வாசல்ல நீங்கதான் நிப்பீங்களா?"

"நான்தான் நிப்பேன்."

"அப்ப வரேன். உங்ககிட்டத்தான் காட்டணும்" என்றான். குல்லாயை உள்பக்கம் தெரியத் திருப்பி அவள் முன்னால் மேசையில் விரித்தான். முகத்தில் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, இந்தத் தடவ எவ வெட்டினாலும் பிரியாது."

லைனிங் விளிம்பு நெடுக, அரைவிரல் நீளத் தையல்கள், வெயிலில் பளபளத்தன. மீன் பிடிக்கும் நைலான் நரம்பு.

ஓத்திலியாவின் வலக்கை மேசைவரை எழுந்தது. அவள் அதைத் திருப்பி இழுத்து, இடக்கையையும் சேர்த்துக்கொண்டு, இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.