பிரபு எழுந்து வரும் இசை

பேண்டு வாத்தியத்தால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்ததுண்டா? சென்ற வாரம் ராமநாதபுரத்தில் நான் பார்த்தேன். அந்த பேண்டைச் சிபாரிசு செய்தவன் — வேறு யார், அடியேன்தான்.

நண்பர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பரமக்குடி. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு நல்ல பேண்டு வேண்டும் என்றார் நண்பர். சேது மாஸ்டரைச் சொன்னேன். கிளாரினெட்டில் கெட்டிக்காரர். எந்த மெட்டையும் நாலு தடவை கேட்டால் பிடித்துவிடுவார்.

ஊர்க்கோடி டூரிங் டாக்கீஸில் அவருக்கு நிரந்தர வேலை. ஆட்டம் தொடங்குமுன் வாசலில் வாசித்துக் கூட்டம் சேர்க்க வேண்டும். இடைவேளையில் டீ குடிக்கப் போனவர்களைத் திரும்ப அழைக்க மறுபடி ஒரு முழக்கம். நடுவில் வெளியே மணலில் காத்திருக்க வேண்டும். உள்ளே வரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. படம் தெரியாது, கூடாரத் துணியைத் தாண்டிச் சத்தம் மட்டும் வரும்.

இரண்டு வாரமாக அங்கே ஓர் இங்கிலீஷ் படம். பகலெல்லாம் சவப்பெட்டிக்குள் தூங்கி, பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்து ரத்தம் குடிக்கிற ஒரு பிரபுவின் கதை. கத்திச் சண்டையும் உண்டு. ஊரே பார்த்தது. பெட்டி திறக்கும்போது ஓர் இசை வரும் பாருங்கள்... பெரிய டிரம் நிதானமாக அதிரும், அதன் மேல் ட்ரம்பெட்டுகள் ஏறும், வயலின்கள் மொத்தமாகச் சேர்ந்து தூக்கும். நான் பக்கத்து சீட்காரர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

அழைப்பு அன்று மாலை, திறந்த பிளஷர் காரில் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் கையசைத்தார். டிரம் நிதானமாக அதிர்ந்தது. ட்ரம்பெட் ஏறியது...

அதே இசை! வயலினுக்குப் பதில் கிளாரினெட், அவ்வளவுதான்.

"பிரபு வாராருடோய்!" என்று தெருப்பிள்ளைகள் ஓட்டமெடுத்தன. பெண் வீட்டுப் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனும் படம் பார்த்தவர் போலும். காரை நிறுத்தினார்.

"ஏய்யா, எங்க பிள்ளை என்ன பொட்டியத் தொறந்துக்கிட்டா வாரான்? வேணும்னே அசிங்கப்படுத்துறீகளா? திருப்புங்கய்யா காரை, ஊருக்குப் போவம்!"

நண்பர் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். நான் கார் டயரைப் பார்த்தேன்.

மாஸ்டர் முன்னால் வந்தார். "அய்யா, நான் படத்தப் பாக்கலங்கய்யா. வெளிய உக்காந்து கேட்டது மட்டுந்தான். யாரோ ஒரு ராசா மாளிகையில படியெறங்கி வாராருன்னு நெனச்சேன். இதவிட ஒசத்தியா எனக்கு ஒண்ணும் தெரியலங்கய்யா... அதான் வாசிச்சேன்."

காருக்குப் பின்னால் நடந்து வந்த மாப்பிள்ளையின் தாயார்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாதவர்.

"ஏண்ணே நிப்பாட்டுனீக? கேக்கயில எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு. எம் புள்ள ராசா மாதிரில்ல வந்தான்! மாஸ்டரு, மொதல்ல இருந்து வாசிங்க."

தங்கை சொன்ன பிறகு அண்ணன் என்ன செய்வார்? முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார். கார் நகர்ந்தது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். நானும் படத்தை மறந்துவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். சத்தியமாக ராஜாதான் வந்தார்! நாமெல்லாம் காதால் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்... பாதிக்கு மேல் கண்ணால்தான் கேட்கிறோம்.

ஞாயிறன்று முதலாளியிடம் வாதாடி, மாஸ்டரை முதல் ஆட்டத்துக்கு உள்ளே அழைத்துப் போனேன். பெட்டி திறந்தது. பிரபு பல்லைக் காட்டினார். மாஸ்டர் அசையாமல் பார்த்தார்.

வெளியே வந்ததும், "எப்படி?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல சார்... இம்புட்டு நல்ல மியூசிக்கப் போட்டுட்டு, தப்பான ஆளை நடக்க விட்டுட்டாக!"