தணிகாசலம் சாரின் கையெழுத்து

தணிகாசலம் சார் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, முதலில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. அழுகை அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

கல்லூரியில் எனக்குக் கான்கிரீட் பாடம் நடத்தியவர் அவர். என் முதல் நேர்முகத் தேர்வுக்குத் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தவர். அது எனக்குப் பெரிது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு போனேன். ஓய்வுக்குப் பின் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, லேபையும் பார்த்துக்கொண்டார்.

அரசு இன்ஜினியராக என் சர்வீஸின் கடைசி வருஷம், மலையில் கரியாலூருக்கு அப்பால் ஓர் ஓடைமேல் சிறுபாலம் கட்டினோம். ஊற்றும் கான்கிரீட்டிலேயே கொஞ்சம் எடுத்துக் கியூப் என்னும் சதுரக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் வைத்து, சாரின் லேபில் நசுக்கிப் பார்க்க வேண்டும். கியூபின் பலம்தான் பாலத்தின் பலம். வந்த மணலில் பாதி மண். நான் தயங்கியதைப் பார்த்து மேஸ்திரி சிரித்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வர்றப்போ பழய பொடவயா கட்டுவாங்க? கியூபுக்குத் தனியா கலந்து தர்றேன், சிமெண்ட்டு ஜாஸ்தி போட்டு."

"பாலத்துக்கு?"

"அது கல்யாணத்துக்கு அப்பறம் பாத்துக்கலாம் சார்."

நானும் சிரித்தேன். மழைக்கு முன் முடித்து நல்ல பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

சார் நசுக்கிப் பார்த்துவிட்டு போன் செய்தார். "மலைமேல இப்டி ஒரு கான்கிரீட்டாய்யா! ஒரு கியூப ஒடைக்காம மேஜைமேல வச்சிருக்கேன், பசங்களுக்குக் காட்டணும்." ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டார்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் மறுபடி அழைத்தார். "ஞாயித்துக்கெழம உன் பாலத்தப் பாக்க வரேன். ரீபவுண்ட் ஹேமரும் எடுத்துகினு வரேன்." கான்கிரீட்டைத் தட்டிப் பலம் சொல்லும் கருவி அது. மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். "அப்ப அடுத்த ஞாயிறு" என்றார். புதன்கிழமை, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே கரும்பலகை அருகே சரிந்து விழுந்தார். அவ்வளவுதான்.

இரங்கல் கூட்டத்தில் அவர் படத்துக்குப் பக்கத்தில் என் கியூபையும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன், நேர்மையைப் பற்றி.

கூட்டம் முடிந்ததும் அவர் மனைவி ஹேமரை என் கையில் வைத்தார். "உங்க பாலத்துக்குப் போகணும்னுதான் தொடச்சி வச்சிருந்தாரு. நீங்களே வச்சிக்கோங்க."

மறுநாள் தனியாகப் போய்ப் பத்து இடத்தில் தட்டினேன். ஒன்றும் தேறவில்லை. நடந்ததையெல்லாம் எழுதி, பாலத்தைத் துளைத்துக் கோர் என்னும் உருளைத் துண்டு எடுத்துச் சோதிக்கும்படி ஆபீஸில் கொடுத்தேன். என் இடத்துக்கு வந்திருந்த இன்ஜினியர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தணிகாசலம் சார் கையெழுத்து போட்ட ரிப்போர்ட்டு சார் இது. போனவரு பேரக் கெடுக்கிறீங்களே, நல்லாவா கீது?"

"அவர ஏமாத்தினதே நான்தாங்க."

"அவர யாரால ஏமாத்த முடியும்? வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க சார்."

அவருடைய நேர்மைக்குப் பின்னால் என் பொய் அவ்வளவு பத்திரமாக இருந்தது. கியூபுக்குத் தனியாகக் கலக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: பொய்யில் ஒரு நல்ல மனிதரின் கையெழுத்து விழுந்துவிட்டால், அதைத் திரும்ப வாங்க நம் கையெழுத்து போதாது.

ஐந்து முறை போனேன். தொல்லை தாங்காமல் துளைத்தார்கள். கோர் கையிலேயே உதிர்ந்தது. என்மேல் விசாரணை வந்தது. ஆசிரியரின் நினைவுக்குக் களங்கம் விளைவித்ததாகப் பழைய மாணவர் சங்கம் என்னை நீக்கியது. பாலத்தில் கனரக வாகனங்களுக்குத் தடைப் பலகை வைத்தார்கள். புதுப் பாலம் இன்னும் வரவில்லை. பஸ் இக்கரையிலேயே திரும்பிவிடுகிறது.

போன மாதம் அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்த ஓர் அம்மாள் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள்.

"பாலம் நல்லாத்தாங்க கீது. எவனோ கிறுக்கன் எழுதிப் போட்டு பஸ்ஸ நிறுத்திட்டான்."

"அந்தக் கிறுக்கன் நான்தாம்மா."

மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இன்னாத்துக்கு சும்மா நின்னுகினு கீற? புடி மூட்டைய."

தலையில் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். பாலத்தின் நடுவில் என்னையறியாமல் கால்களை மெதுவாக வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெரசா வாய்யா. இன்னாத்துக்கு இப்டி பயந்து பயந்து வர்ற?"